பெரிய பாப்லெட் மறைந்தது

மும்பைக் கடலின் பெரிய பாப்லெட் மறைந்துவிட்டது. ஊர்ப்பக்கம் அதை வாவல் என்போம், வவ்வால் மீன் என்போம். நாள், நேரம் குறித்து வைத்தவர் யாருமில்லை. பொரித்தெடுத்தால் எவர்சில்வர் தட்டுக்கு வெளியே ஒரு பக்கம் தலையும் ஒரு பக்கம் வாலும் நீட்டிக்கொண்டிருக்கும். சோற்றுக்கு இன்னொரு தட்டு எடுக்க வேண்டும். அந்த அளவு மீனைத்தான் சொல்கிறேன். கையளவு பாப்லெட் இன்றும் செம்பூர் ஸ்டேஷன் பக்கம் கிடைக்கிறது. அது மறைந்தவரின் பேத்தி. பாட்டி அளவுக்கு அதுவும் ஒருநாள் வளரும் என்று எதிர்பார்க்கிறோமே, அந்த எதிர்பார்ப்பைப் பற்றித்தான் இந்த இரங்கல்.

அடியோடு அற்றுப்போய்விட்டது என்று சொல்லவில்லை. எங்கோ ஆழத்தில் ஒன்றிரண்டு இருக்கலாம். பிடிபட்டால் அது ஏற்றுமதிக்காரரின் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். தாராவிக்கும் செம்பூருக்கும் வரவேண்டிய வழி அதற்கு மறந்துவிட்டது.

அங்க அடையாளம் சொல்லாமல் மரண அறிவிப்பு போடக் கூடாது. பக்கவாட்டில் அமுக்கி வைத்த உடம்பு. அகலம் நிறைய, தடிமன் கொஞ்சம். மூக்கு மழுங்கல். அவ்வளவு பெரிய உடம்புக்குப் பொருந்தாத சின்ன வாய். வயிற்றுத் துடுப்பு கிடையாது. வால் இரண்டாகப் பிரிந்து கீழ்ப்பாதி சற்று நீண்டிருக்கும். செதில் பொடிப்பொடியானது, விரல் பட்டாலே உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும். தொண்டைக்குள் பல் வைத்த ஒரு பை உண்டு. கடலில் மிதக்கும் பொடி உயிர்களையும் ஜெல்லி மீனையும் அரைத்து உள்ளே தள்ளுவதற்கு. 60 சென்டிமீட்டர் வரை வளரும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. இன்று அதில் பாதி நீளத்துக்கு ஒரு மீன் வந்தால் மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும். கருவாவலை இதன் பங்காளி என்று பலர் நினைப்பதுண்டு. மும்பையில் அதற்கு ஹல்வா என்று பெயர். அது பாறை மீன் குடும்பம். துக்க வீட்டுக்கு வரவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

வசித்த இடம், குஜராத்திலிருந்து மகாராஷ்டிரக் கரை நெடுகிலும். பேர் வாங்கிக் கொடுத்த ஊர் என்றால் பால்கர் மாவட்டத்துச் சாத்பாட்டி. நம்மவர்களுக்கு அறிமுகமான இடம் தாராவி. குடிசையும் தோல் ஷாப்பும் வருவதற்கு முன்னாலேயே அது மீனவர் ஊர். 1909ஆம் வருடத்து பம்பாய் கெஜட்டியர் தாராவியை இந்நகரத்தின் ஆறு பெரிய கோலிவாடாக்களில், அதாவது கோலி மீனவர் குடியிருப்புகளில், ஒன்றாகக் குறிக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் அந்தக் கோலிகளுக்குப் பக்கத்திலேயே குடியேறினார்கள். மாஹிம் ஓடையும் மித்தி நதியும் சாக்கடையாகி ஓடை மீன்பிடிப்பு செத்துப்போன பிறகும், கோலிப் பெண்கள் கூடை நிறைய மீனோடு சாசூன் டாக்கிலிருந்தும் பாவுச்சா தக்காவிலிருந்தும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் பலர் நம்மிடம் தமிழிலேயே பேரம் பேசுவார்கள். மாட்டுங்காக்காரர்களுக்கு இந்த மரணத்தில் பெரிய நஷ்டமில்லை. அங்கே மல்லிகைப்பூவும் ஃபில்டர் காபியும்தான் மணக்கும். ஆனாலும் மாட்டுங்கா விலாசத்தோடு சயான் கோலிவாடா பக்கம் வந்து ஓசைப்படாமல் மீன் வாங்கிப்போன சிலரை எனக்குத் தெரியும்.

பெரிய பாப்லெட் வாங்குவதில் சில சம்பிரதாயங்கள் இருந்தன. முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பது. அடுத்து செவுளுக்குக் கீழே கட்டைவிரலால் ஓர் அமுக்கு: வெள்ளை நீர் கசிந்தால் புதுசு, சிவப்பாக வந்தால் பழசு. பிறகு விலை. மற்ற மீனெல்லாம் எடை கூடினால் மொத்த விலை கூடும், அவ்வளவுதான். பாப்லெட் அப்படியில்லை. அளவு ஏற ஏற ஒவ்வொரு கிலோவுக்குமே விலை ஏறும். பெரியதைக் கோலிகள் சரங்கா என்பார்கள். பேரம் முடிந்ததும் அந்தம்மா அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு துடுப்பை முதலில் சீவுவார், செவுளோடு குடலை ஒரே இழுப்பில் எடுப்பார், பிறகு சாய்வாகத் துண்டு போடுவார். நடுத்துண்டு அப்பாவுக்கு, தலை அம்மாவுக்கு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நடுமுள்ளை உருவிவிட்டால் மீதியைச் சின்னப் பிள்ளைக்குக் கூடப் பயமில்லாமல் கொடுக்கலாம்.

கொஞ்ச காலம் முன்பு ஒரு கோலிப் பெண்ணிடம் சரங்கா கேட்டேன். ஐஸுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். இதுவா சரங்கா என்றேன். “பெரிசெல்லாம் டாக்லயே கம்பெனிக்குப் போயிடுதுக்கா. இது சரங்காவோட குட்டி” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

சாவுக்குக் காரணம் என்ன? முதல் காரணம் எளியது, எல்லோரும் சொல்வது. வளர விடாமல் பிடித்துவிட்டோம். 1960, 70களில் மகாராஷ்டிரத்தில் வெள்ளி பாப்லெட் ஆண்டுக்குச் சராசரி 8,000 டன்னுக்கு மேல் கரையேறியது. 2010க்குப் பிறகு அது ஏறக்குறைய பாதி. பொம்பில் மீனுக்காக நீரோட்டத்தில் கட்டி வைக்கும் டோல் வலையின் கடைசிப் பை அவ்வளவு நெருக்கமான கண் கொண்டது. பொம்பிலோடு பாப்லெட் குஞ்சும் கூட்டமாக வந்து விழும். விசைப்படகுகளின் இழுவைமடியும் சுருக்குமடியும் மீதியைப் பார்த்துக்கொண்டன. பாப்லெட்டுக்கு அதன் அகலமே எமன். அதே நீளமுள்ள ஒல்லி மீன் வலைக்கண் வழியாக நழுவிப் போய்விடும், இது மாட்டிக்கொள்ளும். ஹோட்டல்காரர்கள் வேறு, தட்டுக்கு ஒன்று வைக்கத் தோதான சின்ன மீனாகக் கேட்டார்கள். பெரியதுக்குக் கம்பெனி, சின்னதுக்கு ஹோட்டல். தப்பிக்கிற வயதே அதற்கு இல்லாமல் போயிற்று.

இது மட்டும்தான் காரணம் என்றால் நான் இரங்கல் எழுதமாட்டேன். சில வருடம் வலையைச் சுருட்டி வைத்தால் குட்டி வளர்ந்து சரங்காவாகும், கதை முடிந்தது. இரண்டாவது காரணம்தான் உறுத்துகிறது. ஒரு கடலில் எல்லா மீனும் ஒரே மாதிரி வளர்வதில்லை. சில வேகமாக வளரும், தாமதமாகப் பருவமடையும். சில சிறுத்த நிலையிலேயே முட்டையிட்டுவிடும். இந்த வேறுபாட்டில் ஒரு பங்கு தீனியாலும் கடல் சூட்டாலும் வருவது. இன்னொரு பங்கு பரம்பரை. வலை வந்ததும் ஆட்டத்தின் விதி மாறிவிடுகிறது. பெரிதாக வளர்வோம், பிறகு பிள்ளை பெறுவோம் என்று காத்திருந்தது முட்டையிடும் முன்பே வலையில் போய்விடும். சின்னதாக இருக்கும்போதே அவசரமாக முட்டையிட்டது வாரிசை விட்டுவிட்டுப் போகும். இதுவே வருடா வருடம் நடந்தால் கடலில் மிஞ்சுவது அந்த அவசரக்காரர்களின் வம்சம். நம் ஊரில் எந்த விவசாயியும் நெருக்குமணியாக விளைந்த கதிரை விதைக்கு ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் அரைக்கக் கொடுப்பார். கடலில் நாம் விதைநெல்லைத் தின்றுவிட்டுப் பதரை விதைத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

இதெல்லாம் ஊகமா என்று கேட்கலாம். நியூயார்க்கில் டேவிட் கோனோவரும் ஸ்டீபன் மன்ச்சும் அட்லாண்டிக் சில்வர்சைடு என்ற சின்ன மீனைத் தொட்டியில் வளர்த்துப் பார்த்தார்கள். சில தொட்டிகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய மீன்களாகப் பார்த்து நூற்றுக்குத் தொண்ணூறை எடுத்தார்கள். வேறு சில தொட்டிகளில் சின்னவற்றை அதே கணக்கில் எடுத்தார்கள். நான்கே தலைமுறை. சின்னதை எடுத்த தொட்டியின் மீன்கள், பெரியதை எடுத்த தொட்டியின் மீன்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. 2002இல் இதை வெளியிட்டார்கள். பிறகு பொறுக்கியெடுப்பதை நிறுத்திவிட்டு, பழைய அளவு திரும்புகிறதா என்று காத்திருந்தார்கள். திரும்பியது, ஆனால் மெதுவாக. முழுக்கத் திரும்ப சுமார் 12 தலைமுறை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். கெடுப்பதற்கு எடுத்துக்கொண்டதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சில்வர்சைடுக்கு ஒரு தலைமுறை ஒரே வருடம். கூடுதல் ஆயுசு உள்ள மீனுக்கு என்ன கணக்கு வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

தொட்டி வேறு, கடல் வேறு என்பவர்களுக்கு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தைக் காட்டலாம். ஐநூறு வருடமாக ஐரோப்பாவுக்குச் சோறு போட்ட காட் மீன் அங்கே 1992இல் தீர்ந்துபோனது. மீன்பிடிப்புக்கே தடை போட்டார்கள். சுமார் முப்பதாயிரம் பேர் வேலை இழந்தார்கள். பழைய கணக்கேடுகளைப் பின்னால் புரட்டிப் பார்த்தபோது, சரிவு வருவதற்கு முன்பே பெண் மீன்கள் இளம் வயதிலும் சிறிய உருவத்திலும் பருவமடையத் தொடங்கியிருந்தது தெரிந்தது. ஆறு வயதில் நடந்தது ஐந்து வயதுக்கு இறங்கியிருந்தது. மணி அடித்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

இந்தச் சங்கதியில் எனக்கு மிகவும் பிடித்தது 2025இல் வந்த பால்டிக் கடல் ஆய்வு. அதைச் சொல்ல முதலில் கத்தாழைத் தலைக் குழம்புக்குப் போக வேண்டும். கத்தாழை மீனின் தலையை உடைத்தால் உள்ளே பல் மாதிரி இரண்டு வெள்ளைக் கல் இருக்கும். சின்ன வயதில் நாங்கள் சேர்த்து வைத்துச் சொட்டாங்கல் ஆடியிருக்கிறோம். அது மீனின் காதுக்கல். எல்லா எலும்பு மீனுக்கும் உண்டு. பாப்லெட்டுக்கும் உண்டு, ஆனால் பொடிசு, தட்டில் கண்ணுக்குப் படாது. மீன் வளர வளர அந்தக் கல்லில் வளையம் வளையமாகப் படியும், எண்ணினால் வயது. வளையத்துக்கும் வளையத்துக்கும் இடைவெளியைப் பார்த்தால் எந்த வருடம் எவ்வளவு வளர்ந்தது என்பதும் தெரியும். கல்லில் ஒட்டிக் காய்ந்த துளி சதையிலிருந்து மரபணுவையும் எடுக்க முடியும். ஜெர்மனியில் கீல் நகரத்து கியோமார் நிறுவனத்தினர் 1996 முதல் 2019 வரை உறையில் போட்டு வைத்திருந்த 152 காட் மீன்களின் காதுக்கல்லை எடுத்து, வளர்ச்சியையும் மரபணுவையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்துக்குள் மீன் எட்டக்கூடிய உச்ச நீளம் 48 சதவீதம் சுருங்கியிருந்தது. வேகமாக வளர வைக்கும் மரபணு வடிவங்களும் கூடவே கரைந்து போயிருந்தன. 2019இல் அங்கே தடை வந்துவிட்டது. அளவு மட்டும் திரும்பவில்லை. திரும்ப வைக்கும் சரக்கே குறைந்துபோயிருக்கும்போது தடை போட்டு என்ன செய்ய?

எதிர்க்கட்சிக்கும் ஆள் உண்டு. 2021இல் இன்னொரு குழு நார்வேயின் 1907ஆம் வருடத்து மீன்செதிலையும் கனடாவின் 1940ஆம் வருடத்துக் காதுக்கல்லையும் இன்றைய காட் மீன்களோடு ஒப்பிட்டது. மரபணுத் தொகுதியில் பெரிய இழப்பு எதையும் அது காணவில்லை. வளர்ச்சி என்பது நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து செய்கிற காரியம்; ஒவ்வொன்றும் துளி நகர்ந்தால் தனியாகக் கண்ணில் படாது. ஆகவே இரண்டு முடிவும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கடலுக்குக் கடல், மீனுக்கு மீன், மாற்றத்தின் ஆழம் வேறுபடும். நல்ல செய்தி என்றால் அதில் இருப்பதுதான்: எல்லா இடத்திலும் வித்து அழியவில்லை.

தரையிலும் இதே கணக்குதான் நடந்திருக்கிறது. மொசாம்பிக்கின் கொரங்கோசாவில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். தந்தத்துக்காக யானைகளில் தொண்ணூறு சதவீதத்தைச் சுட்டுத் தள்ளினார்கள். போருக்கு முன் அங்கே தந்தமில்லாத பெண் யானைகள் ஐந்தில் ஒன்றுகூட இல்லை; போர் முடிந்தபோது பாதிக்குப் பாதி. அது எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கும் பரம்பரைக் குணம் என்று 2021இல் கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்து மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, கதை வேறு மாதிரி. இங்கே பெண் யானைக்கு எப்போதுமே தந்தம் கிடையாது. ஆனாலும் கொம்பனை மட்டும் பார்த்துச் சுட்டால் மக்னாவுக்குத்தான் மணப்பந்தல் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

மீனில் இன்னொரு நுட்பம் உண்டு. பெரிய மீன் என்றால் பெரிய தாய். நூறு சின்ன மீன் இருக்கிறதே, முட்டைக்கு என்ன குறை என்று நினைத்துவிடுவோம். 2018இல் டியேகோ பார்னெச்சி குழுவினர் 342 மீன் இனங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 30 கிலோ காட் ஒன்று இடும் முட்டை, 2 கிலோ காட் 28 சேர்ந்து இடுவதைவிட அதிகம். எடையில் பார்த்தால் அந்த 28ம் 56 கிலோ. ஆனாலும் 30 கிலோக் கிழவியிடம் தோற்கின்றன. நாம் கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுத்து விரும்பி வாங்கிய சரங்கா யார் என்று இப்போது புரிந்திருக்கும். தலைத் துண்டை அம்மாவுக்கு வைத்ததில்கூட ஒரு நியாயம் இருந்திருக்கிறது.

இறந்தபின் மரியாதைகளுக்குக் குறைவில்லை. 2023இல் மகாராஷ்டிர அரசு வெள்ளி பாப்லெட்டை மாநில மீனாக அறிவித்தது. மீன்வளத்துறை அமைச்சர் சுதிர் முங்கண்டிவார் அறிவித்தார். பட்டம் கொடுத்த பெயர் பாம்பஸ் அர்ஜென்டியஸ். இந்தியக் கரையின் வெள்ளி பாப்லெட்டுகளின் மரபணு வரிசையைப் பார்த்த ஆய்வாளர்களோ, கிழக்காசியாவின் அர்ஜென்டியஸ் வேறு, நம்முடையது பாம்பஸ் காண்டிடஸ் என்ற தனி இனம் என்று அதற்கு முன்பே எழுதிவிட்டார்கள். ஆக மாலை விழுந்தது பக்கத்து வீட்டுக்காரர் படத்துக்கு.

அதே 2023இல் மகாராஷ்டிரத்தில் மத்திய கடல்மீன் ஆய்வு நிறுவனத்தின் யோசனைப்படி 54 இன மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவும் வகுத்தார்கள். கேரளம் இதை 2015லேயே தொடங்கிவிட்டது. வெள்ளி பாப்லெட்டுக்கு 135 மில்லிமீட்டர். அதற்குக் கீழே இருந்தால் பிடிக்கவும் விற்கவும் கூடாது. 135 மில்லிமீட்டர் என்பது என் கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைகூட இல்லை. நல்ல சட்டம்தான்; குஞ்சு ஒருமுறையாவது முட்டையிடட்டும் என்ற எண்ணம். செம்பூரில் யாரும் ஸ்கேல் வைத்து மீனை அளந்து நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். என் குறை வேறு. குறைந்தபட்ச அளவு என்பது சின்னதை விட்டுப் பெரியதைப் பிடி என்கிற சட்டம். அவசரக்காரர் வம்சத்துக்கு அது கூடுதல் சலுகை. மேலே ஓர் எல்லை இந்தச் சட்டத்தில் இல்லை. பாட்டிக்குப் பாதுகாப்பு இல்லை.

மேல் எல்லை இருக்கிற இடமும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் லாப்ஸ்டருக்குக் கீழ் எல்லையும் உண்டு, மேல் எல்லையும் உண்டு. ஓட்டின் நீளம் ஐந்து அங்குலத்துக்கு மேல் என்றால் கடலில் திருப்பி விட்டுவிட வேண்டும். முட்டையோடு பிடிபட்ட தாயின் வாலில் சின்ன வெட்டு ஒன்று போட்டு விடுவார்கள். அடுத்தமுறை வேறொருவர் கூண்டில் அது முட்டையில்லாமல் மாட்டினாலும் தொடக் கூடாது.

லாப்ஸ்டர் கூண்டிலிருந்து உயிரோடு வரும். பாப்லெட் அப்படி வராது. வலையை மேலே இழுப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். செத்த பாட்டியைக் கடலில் திருப்பிப் போட்டு யாருக்கு என்ன லாபம்? அதனால் மேல் எல்லையை மீனில் அளக்க முடியாது, வலையில்தான் வைக்க முடியும். அதற்குத் தோதான வலை மகாராஷ்டிரக் கரையில் பழைய நாளிலிருந்தே இருக்கிறது. செவுள்வலைக்கு ஒரு குணம்: அதன் கண்ணைவிடச் சின்ன மீன் நுழைந்து போய்விடும், ரொம்பப் பெரியதற்குத் தலையே நுழையாது, முட்டிவிட்டுத் திரும்பிவிடும். இடைப்பட்டதுதான் சிக்கும். குஞ்சையும் பாட்டியையும் ஒருசேர விட்டுவிடக்கூடிய வலை அது ஒன்றுதான். டோல் வலைக்கும் இழுவைமடிக்கும் அந்த விவேகம் கிடையாது. செவுள்வலைக் கண்ணுக்குக் கீழே ஓர் அளவு, மேலே ஓர் அளவு என்று நிர்ணயித்து, பாப்லெட் குஞ்சு கூடும் இடங்களில் டோலைத் தள்ளி வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் செவுள்வலைக்காரரும் சும்மா இருக்கவில்லை. பெரியது குறையக் குறைய அவரும் வலைக்கண்ணைச் சிறுக்க வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். நாலு நாள் கடலில் கிடந்துவிட்டு வெறும் ஐஸோடு கரைக்குத் திரும்ப அவரால் முடியாது. டீசலுக்குக் கடன் கொடுத்தவர் கரையிலேயே நிற்பார்.